பதினோரு சட்டையும் ஒட்டின சீட்டும்

எங்க ஃபுட்பால் டீம் அந்த வருஷம் கீழ் டிவிஷனுக்குப் போச்சான்னு கேக்காதீங்க. போகலை. அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லாட்டி கடைசி வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு நான் சொல்றதைக் காதுல வாங்க மாட்டீங்க. நான் சொல்ல வந்தது என் வீட்டுக்காரரைப் பத்தி.

அவருதான் டீமுக்கு மேனேஜர். பதினோரு வருஷமா. ரெண்டு விரலை வாயில வச்சு ஒரு விசில் அடிப்பாரு பாருங்க, மைதானத்துக்கு வெளிய பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கூடத் திரும்பிப் பாப்பாங்க. அதனால பசங்க அவருக்கு வச்ச பேரு 'விசில்'. நேர்ல சொல்ல மாட்டாங்க, முதுகுக்குப் பின்னாடி சொல்வாங்க. அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பாரு.

நான் அதே கிளப்புல துணி துவைக்கிறவ. கேலரிக்குக் கீழ ஜன்னல் இல்லாத ஒரு ரூம். ரெண்டு மெஷின். அதுல ஒண்ணு தண்ணி சுத்தும்போது குதிச்சுக் குதிச்சு நடந்து வரும், அதுக்கு முன்னாடி நாலு செங்கல் வச்சிருக்கேன். சட்டை, டிரவுசர் எல்லாம் சுலபம். காலுறைதான் உயிரை வாங்கும். ஒவ்வொண்ணையும் உள்பக்கம் வெளிய திருப்பி, சேறு உதறி, அப்புறம்தான் மெஷின்ல போடணும். காலுறையைத் திருப்பிப் பாத்தா போதும், யாருக்கு நகம் பேர்ந்திருக்கு, யாருக்குக் கொப்புளம், யாரு ஷூவை சின்ன சைஸ்ல வாங்கிட்டு வெக்கப்பட்டு மாட்டிக்கிட்டு ஓடுறான்னு எல்லாம் தெரிஞ்சிடும். யாரும் என்கிட்ட கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. துவைக்கிறது நம்ம வேலை, அவ்வளவுதான்.

எங்க டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு வழக்கம் உண்டு. யாரு ஆடுறாங்க, யாரு பெஞ்சுலன்னு வாயால சொல்றதே கிடையாது. மேட்ச் அன்னைக்குக் காலைல இவரு காலண்டர் தாளைக் கிழிச்சு, பின்பக்கம் பதினோரு நம்பர் எழுதி என் கையில குடுப்பாரு. நான் அந்தப் பதினோரு சட்டையை மட்டும் கொக்கில மாட்டுவேன். மத்ததை மடிச்சு பெஞ்சு மேல வைப்பேன். பசங்க உள்ள வந்ததும் முதல்ல கொக்கியைத்தான் பாப்பாங்க. தன் சட்டை தொங்கினா மூச்சு விடுவாங்க. மடிச்சிருந்தா குனிஞ்சு ஷூ லேஸைக் கட்டுவாங்க, ஏற்கனவே கட்டியிருந்தாலும்.

ஆக, டீம் எதுன்னு ஊருக்கு முன்னாடி தெரிஞ்சவ நான். அந்த ரெண்டு கோச்சுக்குக் கூட அதுக்கப்புறம்தான் தெரியும். வேடிக்கையைப் பாருங்க.

ரெண்டு கோச் யாருன்னு சொல்லணும்ல. ஒருத்தர் வாத்தியார். பள்ளிக்கூடத்துல கணக்கு எடுத்துக்கிட்டிருந்தவர், ஃபுட்பால் பைத்தியத்துல அதை விட்டுட்டு வந்தவர். எதிர் டீமோட ஆட்டத்தை எல்லாம் போய்ப் பாத்து நோட்டு நோட்டா எழுதி வச்சிருப்பாரு. அந்த நோட்டை எங்க வீட்டுக்காரர் வாங்கி, "நல்லா எழுதியிருக்கே"ன்னு சொல்லிட்டு, பந்து வைக்கிற அலமாரி ஆடாம இருக்க அடியில குடுத்து வைப்பாரு. இன்னொருத்தர் கோல்கீப்பர் கோச். ஆடுற காலத்துல எவன் அடிச்சாலும் பந்து உள்ள போயிடுமாம், அதனால 'கதவு'ன்னு பேரு. "சாத்தின கதவாடா, தொறந்த கதவாடா"ன்னு பசங்க கிண்டல் பண்ணுவாங்க. பாவம், அவரும் சேந்து சிரிப்பாரு. இந்த ரெண்டு பேருக்கும் இவரு குடுத்த பெரிய பொறுப்பு என்ன தெரியுமா? பிராக்டீஸுக்கு முன்னாடி அடையாளத்துக்கு பிளாஸ்டிக் கோன் வைக்கிறது, முடிஞ்சதும் கோன் எடுக்கிறது.

பந்துக்குக் காத்தடிக்கிறது இவரு. வலையில ஓட்டை தைக்கிறது இவரு. ஃப்ரீ கிக்குக்கு டிஃபென்ஸ் வரிசை நிக்கிறதைக் காட்ட, ஐம்பத்தி ஆறு வயசுல, அடிவயித்துக்குக் கையைக் குறுக்கே வச்சுக்கிட்டு வரிசையில நிக்கிறதும் இவரு. ஏன்னு கேட்டா, "நான் பாக்காத வேலை உருப்படாதும்மா"ன்னு ஒரு பதில். பெயின்ட் ஃபேக்டரி டீம்ல டிஃபென்ஸ் ஆடினவரு. இருபத்தொம்பது வயசுல முட்டி போச்சு. யாரோ சரியா நிரப்பாத குழியில கால் வச்சதால போச்சு. அன்னையிலேர்ந்து உலகத்துல இருக்கிற எல்லாக் குழியையும் இவருதான் நிரப்பணும்னு ஒரு எண்ணம். அது புரிஞ்சதாலதான் இருபத்தெட்டு வருஷமா திட்டிக்கிட்டே கூட இருக்கேன்.

பருவம் முடிய மூணு மேட்ச் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பிராக்டீஸ்ல, அந்த ஃப்ரீ கிக் வரிசையில நின்னுக்கிட்டிருந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. பந்து படவே இல்லை. பசங்க விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சிருக்காங்க. நான் ஈரக் கையோட ஓடினேன். செருப்பு எங்க விழுந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில இதயத்து ரத்தக்குழாய்க்குள்ள ஸ்பிரிங் மாதிரி ஒண்ணு வச்சாங்க. டாக்டரம்மா சின்ன வயசு, ஆனா வாய் வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. "ஆறு வாரம் மைதானம் பக்கமே போகக்கூடாது. அதுக்கப்புறம் போகலாம், ஆனா வேலையைப் பங்கு போட்டுக்கணும். முடியாதுன்னா வேலையை விட்டுடணும். மூணாவது வழி கிடையாது"ன்னாங்க. இவரு நல்ல பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாரு. வேலையை விடச் சொன்னா இந்த மனுஷன் ஒரு மாசத்துல வாடிப் போயிடுவாரு. பழைய மாதிரியே பாத்தாருன்னா ஒரு மாசம் கூடத் தாங்காது. பங்கு போடக் கத்துக்கிட்டாத்தான் எனக்குப் புருஷன்.

ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்தபடியே ரெண்டு கோச்சையும் கூப்பிட்டாரு. "வாத்தியாரே, ஆட்டத்தை நீ பாத்துக்க. கதவு, நீ கார்னர், ஃப்ரீ கிக்கு எல்லாம் பாத்துக்க." எனக்கு ஒரே ஆச்சரியம். அவங்க ரெண்டு பேரும் கதவுகிட்ட, ஐயோ, வாசல்கிட்ட போயிருப்பாங்க, "ஆனா எதுவானாலும் என்னைக் கேட்டுட்டு"ன்னாரு. நான் தலையில அடிச்சுக்கிட்டேன்.

முதல் மேட்ச். சீட்டு இவரு எழுதிக் குடுத்ததுதான். அது போதாதுன்னு வீட்டுல படுத்துக்கிட்டே வாத்தியாருக்கு ஃபோன். பதினாலு தடவை. "இப்ப யாருகிட்ட பந்து? ஏன் அவன் அங்க நிக்கிறான்?" வாத்தியாரு ஒரு காதை ஃபோனுக்குக் குடுத்து, ஒரு கண்ணைப் பந்துக்குக் குடுத்து, பாதி ஆட்டத்தைப் பாக்கவே இல்லை. மூணு சைபர்ல தோத்தோம். வீட்டுக்கு வந்து பாத்தா இவருக்கு உள்ளங்கை எல்லாம் வேர்வை, உதடு வெளுத்துப் போயிருக்கு. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். மாத்திரை சொல்லிட்டு, "அடுத்த தடவை கொண்டு வந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாமப் போகலாம், தெரிஞ்சுக்கங்க"ன்னாங்க. ராத்திரி பூரா அவரு மூச்சு விடுறதை எண்ணிக்கிட்டுக் கிடந்தேன்.

மறுநாள் ஃபோனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டினேன். "இனிமே பந்துன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்"னேன். அந்த வாரம் முழுக்க ஜன்னல் பக்கம் உக்காந்து எதையோ யோசிச்சாரு. சூப்பு குடுத்தாக் குடிச்சாரு, நடன்னா நடந்தாரு. அந்த அடக்கம்தான் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை காலைல நான் கிளம்பும்போது கூப்பிட்டாரு. கையில காலண்டர் தாள். நாலா மடிச்சு, சுத்தி மருந்து பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கு.

"வாத்தியார்கிட்ட குடுத்துடு."

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. "ஏங்க, உங்களுக்கு உசுரு மேல ஆசையே இல்லையா? ஒட்டி வேற குடுக்கிறீங்க! பதினோரு வருஷமா பிரிச்சுக் குடுத்த சீட்டை இன்னைக்கு எனக்கே ஒட்டிக் குடுக்கிறீங்களா?"

"குடுத்துடும்மா, அவ்வளவுதான்"னு மறுபடி ஜன்னலைப் பாக்கத் திரும்பிட்டாரு.

போற வழியிலேயே முடிவு பண்ணிட்டேன். குடுக்கப் போறதில்லை. பிரிச்சும் பாக்கப் போறதில்லை, பாத்தா மனசு இளகிடும். ஏப்ரன் பைக்குள்ள போட்டு மேல துணி கிளிப்பைக் கொட்டினேன்.

பத்து மணிக்கு வாத்தியாரு வந்தாரு. "அண்ணி, சீட்டு?"

"சீட்டு இல்லை. உங்க இஷ்டம்னு சொல்லிட்டாரு."

கணக்கு வாத்தியாராச்சே, சும்மா விடுவாரா? "அண்ணே அப்படியா சொன்னாரு? எந்த வார்த்தையில சொன்னாரு?"

"'அவனையே பாத்துக்கச் சொல்லு'ன்னாரு." பொய் சொல்ல ஆரம்பிச்சா எனக்கு நல்லாவே வருது.

அவரு நம்பலை. முகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா நேரம் ஆச்சு, வேற வழியில்லை. சோப்பு அட்டையைக் கிழிச்சு அதுல எழுத உக்காந்தாரு. ஒரு நம்பர் எழுதுவாரு, அடிப்பாரு. அப்புறம் பக்கத்துல நின்ன கதவுகிட்ட, "நீங்க என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேட்டாரு.

கதவு பின்னாடி திரும்பிப் பாத்தாரு, வேற யாரையோ கேக்கிறாங்கன்னு. "என்னையா?"

"உங்களைத்தான்."

"கார்னருக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கேன்" அப்படின்னு மெதுவா சொன்னாரு. "ஆறு வருஷமா வச்சிருக்கேன்." பர்ஸைத் தொறந்து மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு காகிதத்தை எடுத்தாரு. ஆறு வருஷமா அந்த ஆளு பர்ஸுல அதை வச்சுக்கிட்டு கோன் பொறுக்கியிருக்காரு.

பட்டியல் என் கைக்கு வந்துச்சு. படிச்சா நாலாம் நம்பர் இல்லை! நாலாம் நம்பர்தான் கேப்டன். என் வீட்டுக்காரருக்குப் பெத்த பிள்ளை மாதிரி. நல்ல பையன்தான், ஆனா ஓட்டம் போயிடுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், எடுக்க மனசு வராது. அந்தச் சட்டையை மடிச்சு பெஞ்சு மேல வச்சேன். கேப்டன் உள்ள வந்தான். கொக்கியைப் பாத்தான். பெஞ்சைப் பாத்தான். குனிஞ்சு லேஸைக் கட்டினான்.

ஆட்டம் ஆரம்பிச்சு இருபதாவது நிமிஷம் எங்களுக்கு ஒரு கார்னர். கதவோட ஏற்பாடு. மூணு பேரு முன்னாடி ஓடுறாங்க, பந்து பின்னாடி நின்னவன்கிட்ட போகுது, கோல்! கதவு ஆடினாரு பாருங்க ஒரு ஆட்டம், பாக்கக் கண்கொள்ளாக் காட்சி. பசங்க அவரைத் தூக்கிட்டாங்க. பையிலிருந்த சீட்டைத் தொட்டுப் பாத்தேன். 'நல்ல வேளை, உன்னைக் குடுக்கலை'ன்னு நினைச்சேன்.

எழுபது நிமிஷத்துக்கு மேல எல்லாம் தலைகீழாச்சு. பதினோராம் நம்பர், இடது பக்கம் ஆடுற பையன், காலை இழுத்து இழுத்து ஓட ஆரம்பிச்சான். வாத்தியாரு எழுந்து நின்னாரு. உக்காந்தாரு. மறுபடி எழுந்தாரு. மாத்தலை. அந்தப் பக்கமாவே ரெண்டு கோல் வாங்கினோம். ஒண்ணுக்கு ரெண்டு.

ஆட்டம் முடிஞ்சதும் வாத்தியாரு எங்கிட்ட வந்தாரு. முகத்துல ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "நானும் வீட்டுக்கு வரேன் அண்ணி. அண்ணன்கிட்ட நேர்ல சொல்லிட்டு விலகிக்கிறேன். எனக்கு இது சரிப்படாது." எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். கேக்கலை. வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். அழுக்குத் துணி மூட்டையை விட நெஞ்சு கனமா இருந்துச்சு. வாத்தியாரு விலகினா அடுத்த வாரமே என் வீட்டுக்காரரு எழுந்து மைதானத்துக்குப் போவாரு. போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

உள்ள நுழைஞ்சதும் ஸ்கோர் கேப்பாருன்னு பாத்தேன். கேக்கலை. வாத்தியாரை உக்காரச் சொல்லிட்டு, "நாலாம் நம்பரை உக்கார வச்சியா?"ன்னாரு.

"ஆமாண்ணே."

"நல்லது. எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது."

வாத்தியாரு தலை குனிஞ்சுக்கிட்டாரு. "ஆனா தோத்துட்டோம்ணே. பதினோராம் நம்பரை மாத்தணும்னு தோணுச்சு. கை வரலை. உங்க கேப்டனையே எடுத்தாச்சு, இதுக்கு மேலயும் உங்களைக் கேக்காம இன்னொண்ணு செய்யணுமான்னு நின்னுட்டேன். நான் பயந்ததாலதான் தோத்தோம்."

இவரு அவரையே பாத்தாரு. "ஏன்ப்பா, அதையும்தான் எழுதியிருந்தேனே?"

"எதுல?"

"சீட்டுல."

"எந்தச் சீட்டு?"

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. பூமி பிளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சு. ஏப்ரன் பைக்குள்ள கையை விட்டேன். கிளிப் எல்லாம் தரையில சிதறுச்சு. சீட்டை எடுத்து மேஜை மேல வச்சேன். பிளாஸ்திரி ஒட்டினபடியே இருந்துச்சு.

வாத்தியாரு பிரிச்சு, வகுப்புல படிக்கிற மாதிரி சத்தமா படிச்சாரு.

"'வாத்தியாருக்கு. பதினொண்ணையும் நீயே எழுது. யாரை வேணா உக்கார வை, நாலாம் நம்பரைக் கூட. கதவுகிட்ட ஒரு வார்த்தை கேளு, அவன் பர்ஸுல ஏதோ வச்சிருக்கான், நான் கேட்டதே இல்லை. நடுவுல ஆளை மாத்தணும்னு தோணினா உடனே மாத்து, என்னை நினைக்காதே. ஜெயிச்சா பேரு உங்களுக்கு. தோத்தா பழி எனக்கு.'"

நான் பொய்னு நினைச்சுச் சொன்னது அப்படியே நிஜமா அந்தத் தாள்ல கிடந்துச்சு. அந்தக் கடைசி மூணு வரி வாத்தியாரு கையில இருந்திருந்தா, எழுபதாவது நிமிஷம் அந்த ஆளு எழுந்து மாத்தியிருப்பாரு. யாரையும் நம்பாத மனுஷன்னு இவரை இருபத்தெட்டு வருஷமா திட்டினேனே, மனுஷன் ஒரு வாரம் ஜன்னலைப் பாத்து யோசிச்சு மாறி வந்து நிக்கும்போது, நம்பாம போனது நான்.

எனக்குத் தாங்கலை. "இதை வாயால சொல்றதுக்கு என்ன? எதுக்கு ஒட்டிக் குடுக்கணும்?"னு அவரு மேலயே பாஞ்சேன். தப்பு பண்ணிட்டா எனக்குக் கோபம்தான் முதல்ல வரும்.

"நீ படிச்சா சிரிப்பே"ன்னாரு. "'பெரிய மகான் ஆயிட்டீங்களே'ம்பே. அதான்."

சொல்லியிருப்பேன். சத்தியமா சொல்லியிருப்பேன். அப்படியே தரையில உக்காந்து, கிளிப்பைப் பொறுக்குற சாக்குல அழுதேன். "இன்னொண்ணும் சொல்லிடறேன். பதினோராம் நம்பருக்குக் குதிகால்ல புண்ணு. மூணு வாரமா காலுறையில ரத்தம். எனக்குத் தெரியும். அவன் ஆடியிருக்கவே கூடாது."

"மூணு வாரமாவா?" இவரு நிமிந்து உக்காந்தாரு. எனக்கு உயிரே போயிடுச்சு, எழுந்து போய் மணிக்கட்டைப் பிடிச்சு நாடியைப் பாத்தேன். "ஏன்ம்மா சொல்லலை?"

"யாரு கேட்டா?"

நாடி என் விரலுக்கடியில நிதானமா அடிச்சுக்கிட்டிருந்துச்சு. அப்புறம் இன்னொரு கையால என் கை மேல தட்டிக் குடுத்துட்டு, "வாத்தியாரே, அந்தக் கடைசி வரியை மறுபடி படி"ன்னாரு.

"'தோத்தா பழி எனக்கு.'"

"கேட்டியாம்மா? அதுல நீயும் அடக்கம். நீயும் ஸ்டாஃப்தானே. பதினோரு வருஷமா என் மரமண்டைக்கு ஏறலை."

வாத்தியாரு விலகுறதைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை. காப்பி குடிச்சாரு, சீட்டை மடிச்சு நோட்டுக்குள்ள வச்சுக்கிட்டாரு, கிளம்பிட்டாரு.

அடுத்த சனிக்கிழமை கடைசி மேட்ச். இவரு சீட்டு எதுவும் குடுக்கலை. ஃபோன் பீரோவுலதான் இருந்துச்சு, சாவியை நான் மேஜை மேலயே விட்டுட்டு வந்தேன், அவரு தொடவும் இல்லை. பத்து மணிக்கு வாத்தியாரும் கதவும் என் ரூமுக்கு வந்தாங்க. சோப்பு அட்டை ரெடியா இருந்துச்சு, நம்பர் மட்டும் எழுதலை. மெஷின் குதிச்சுக்கிட்டிருந்த சத்தத்துல வாத்தியாரு கொஞ்சம் கத்தித்தான் கேட்டாரு.

"அண்ணி, எழுதறதுக்கு முன்னாடி சொல்லுங்க. காலுறை எல்லாம் எப்படி இருக்கு?"

மெஷினை நிறுத்திட்டு, ஒவ்வொருத்தனையா சொல்ல ஆரம்பிச்சேன்.